காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு மூளையைப் பற்றிப் படிக்க என்ன வழி? விலங்கியலா, நியூரோசயின்ஸ் என்றே பெயர் போட்ட படிப்பா?

பள்ளத்தூர்ப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். அரசுப் பள்ளி, தமிழ் வழி, உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு. 600க்கு 541 மதிப்பெண். நீட் எழுதினேன், மருத்துவ இடம் கிடைக்கிற அளவுக்கு வரவில்லை. இன்னொரு வருஷம் உட்கார்ந்து எழுது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு டாக்டர் ஆவதைவிட வேறு ஒன்றின்மேல் மனசு போய்விட்டது. அது எப்படி வந்தது என்று சொன்னால்தான் என் கேள்வி புரியும்.

போன ஐப்பசியில் எங்கள் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், இடிப்பதை நிறுத்திவிட்டு வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் பதில் இல்லை. மதுரைக்குக் கொண்டுபோனோம். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். நாங்கள் பேசுவதெல்லாம் புரிகிறது. ஆனால் அவருக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டி "அது... அது..." என்பார், அவ்வளவுதான்.

தை மாதம் அத்தை மகளின் பிள்ளைக்கு எங்கள் வீட்டில் தொட்டில் கட்டினோம். அப்பத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்து, இடது கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாட ஆரம்பித்தார். மாமன் கொண்டுவருகிற சீரையெல்லாம் வரிசையாகச் சொல்கிற நீளமான பாட்டு. ஒரு சொல் பிசகவில்லை. அடுப்படியில் இருந்த அம்மா ஓடி வந்து அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பாட்டில் ஓரிடத்தில் "தண்ணி" என்ற சொல் வரும். அது சுத்தமாக வந்தது. பாட்டு முடிந்ததும், "அப்பத்தா, தண்ணி சொல்லுங்க" என்றேன். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. கண்ணில் நீர் மட்டும் வந்தது. பாட்டுக்குள் இருக்கும்போது வருகிற சொல் தனியாகக் கேட்டால் ஏன் வரவில்லை? அன்றிலிருந்து எனக்கு இந்த நினைப்புதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் இடம் கிடைத்திருக்கிறது, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். இன்னொரு பக்கம், வெளிமாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நியூரோசயின்ஸ் என்றே இளங்கலைப் படிப்பு இருக்கிறது. வருஷத்துக்குக் கட்டணம் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல், விடுதி தனி. அப்பா புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். கடன் வாங்கியாவது சேர்த்துவிடுகிறேன் என்கிறார். மாமா சைக்காலஜி எடுக்கச் சொல்கிறார். விலங்கியலில் சேர்ந்தால் மூளைப் பக்கம் போகவே முடியாமல் போய்விடுமா? அப்படிப் பெயர் போட்ட படிப்பில் என்னதான் சொல்லித்தருவார்கள்? தமிழ் வழியில் படித்த நான் சமாளிக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைக் கோட்டு:

தங்கச்சி, மதுரையில் எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம் படிக்கிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள். நோயாளியைப் பார்த்து வைத்தியம் செய்கிற நியூராலஜிஸ்ட் வேறு, மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்கிறவர் வேறு. நியூராலஜிஸ்ட் ஆக எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம், அப்புறம் எம்.டி. மூன்று, அதன்மேல் டி.எம். மூன்று. உன் அப்பத்தா மாதிரி ஆட்களுக்கு உன் கையால் மருந்து கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் நீட்டை இன்னொரு தடவை எழுது, அதற்கு வேறு குறுக்குவழி கிடையாது. ஆராய்ச்சிதான் என்றால் மருத்துவம் கட்டாயம் இல்லை. ஆனால் மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போனவர்களும் உண்டு. வெட்டிய கை இன்னும் இருப்பதுபோல் வலிக்கிறவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியை வைத்து வலியைக் குறைக்க முடியும் என்று காட்டிய வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்தான்.

தேவகோட்டைக்காரி:

தங்கச்சி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் தேவகோட்டை. பி.எஸ்ஸி. விலங்கியல் நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில்தான் படித்தேன். எம்.எஸ்ஸி. நியூரோசயின்ஸ் வடக்கே. இப்போது பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வின் கடைசி வருஷம். நானும் பன்னிரண்டு வரை தமிழ் வழிதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அப்பத்தா. நீ பார்த்ததை 160 வருஷமாகப் பலர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். கேட்பதெல்லாம் அந்த ஆளுக்குப் புரியும், ஆனால் வாயில் "டான்" என்ற ஒரே ஓசைதான் வரும். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தால் இடது பக்கம் முன்மடலில் கேடு. இந்த வகைப் பேச்சிழப்புக்கு இன்றும் புரோக்கா பெயர்தான். இப்படிப் பேச்சுப் போனவர்களில் பலருக்குப் பாட்டும், ஒன்று இரண்டு என்று எண்ணுவதும், கிழமைகளை வரிசையாகச் சொல்வதும் தப்பிவிடுகின்றன. பாட்டில் மூளையின் வலது பாதிக்கும் பெரிய பங்கு இருப்பதால் என்று ஒரு விளக்கம். ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி ஒரே கோவையாகிவிட்ட சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியதில்லை, முதல் சொல்லைத் தொட்டால் மற்றவை தானாக வருகின்றன என்று இன்னொரு விளக்கம். இரண்டு பக்கமும் இன்னும் வாதம் நடக்கிறது. உன் கேள்வி சின்னக் கேள்வி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் தள்ளிப்போடாமல் செய். 1973இல் அமெரிக்காவில் சிலர் இந்தத் தப்பிய பாட்டையே பேச்சுப் பயிற்சியாக்கினார்கள். "தண்ணி வேணும்" என்பதை மெட்டுப்போட்டு, இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே பாடச் சொல்லி, மெல்ல மெல்ல மெட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவார்கள். எல்லாருக்கும் பலிக்காது. ஆனாலும் மதுரையிலோ திருச்சியிலோ பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் அப்பத்தாவைக் காட்டி, தாலாட்டு விஷயத்தை நீயே சொல். வீட்டிலும் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லிப் பார்.

சரி, படிப்பு.

என் பி.எஸ்ஸி. மூன்று வருஷத்தில் நரம்பு மண்டலம் என்று தனியாக வந்தது உடலியங்கியல் தாளில் ஒரே ஓர் அலகு. என் நோட்டில் பதினொரு பக்கம். ஆய்வகத்து அலமாரியில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் மனித மூளை இருந்தது. அது கெடாமல் இருக்க ஊற்றியிருந்த ஃபார்மலின் மஞ்சளாகி, ஒட்டியிருந்த சீட்டில் எழுத்து அழிந்துபோயிருந்தது. மூன்று வருஷமும் அதைத் திறந்து பார்க்க யாரும் விடவில்லை. எனக்கு அது பெரிய ஏக்கம். பாடத்தில் இருப்பதோடு நிறுத்திக்கொண்டால் விலங்கியல் உன்னை மூளைப் பக்கம் கொண்டுபோகாது. இதை மறைத்துச் சொன்னால் நான் உனக்குக் கெடுதல் செய்தவள் ஆவேன்.

எனக்கு வழி திறந்தது ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையில். இரண்டாம் வருஷம், எங்கள் விலங்கியல் மேடம் ஒருநாள், "குடுவையையே ஏன் பார்க்கிறாய், ஆட்டு மூளை வாங்கி வா" என்றார். நம் ஊரில் மூளை மிளகு வறுவலுக்குத்தானே வாங்குவோம், கடைக்காரர் தலையைப் பிளந்து துண்டாகத்தான் போடுவார். படிக்கிறதுக்கு வேண்டும், உடையாமல் வேண்டும் என்று கெஞ்சியதில் ஓரமாகக் கொத்தி, மண்டையோட்டைப் பெயர்த்து, முழுசாக எடுத்து வாழை இலையில் வைத்துத் தந்தார். பச்சையாக இருக்கும்போது கட்டித்தயிர் மாதிரி, விரல் பட்டால் அமுங்குகிறது. கல்லூரிக்குக் கொண்டுபோய் மேடம் மேற்பார்வையில் பத்து சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் வைத்தோம். அப்புறம் பனீர்க் கட்டிபோல் இறுகிவிட்டது. நடுக்கோட்டில் நீளவாக்கில் வெட்டினேன். பின்னால் சிறுமூளையின் வெட்டுமுகத்தில், வெள்ளையாக ஒரு மரம் கிளை கிளையாகப் பிரிந்து நின்றது. புத்தகத்துப் படத்தில் அதைக் கோடாகத்தான் பார்த்திருந்தேன். முன்பக்கம் முகர்வுக் குமிழ்கள் இரண்டும் எவ்வளவு பெரியவை தெரியுமா? மனித மூளையில் அவை மெலிந்த தண்டுபோல் ஒட்டிக்கிடக்கும். ஆடு உலகத்தை மூக்கால் பார்க்கிறது என்பதை அந்த இரண்டு குமிழும்தான் எனக்குச் சொல்லின. அன்று சாயங்காலம் தேவகோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்தது தெரியவில்லை.

(ஃபார்மலின் கெட்ட சாமான். வீட்டில் வைத்துச் செய்யவே கூடாது. கையுறை, காற்றோட்டம், கூட ஓர் ஆசிரியர், இந்த மூன்றும் வேண்டும்.)

இப்போது நான் செய்கிற வேலையைச் சொல்கிறேன். எந்தப் படிப்பு வேண்டும் என்று அதிலிருந்தே தெரியும். எலி மூளையை 300 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) தடிமனில் சீவல் சீவலாக வெட்டுவேன். மூளையைச் சுற்றி இருக்கும் நீரைப் போலவே உப்புகள் கலந்த கரைசலில், ஆக்சிஜன் குமிழிவிட்டு அதை வைத்தால் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். நுண்ணோக்கியில் ஒரு நரம்பணுவைத் தேடிப் பிடித்து, முனை ஒன்றிரண்டு மைக்ரானே உள்ள கண்ணாடிக் குழாயை அதன் சவ்வின்மேல் ஒட்டவைக்க வேண்டும். ஒட்டுவதற்கு, அதனோடு இணைத்த நீளமான பிளாஸ்டிக் குழாய் வழியே வாயால் மெல்ல உறிஞ்சுவோம், மூச்சு கொஞ்சம் பலமானால் அணு செத்துப்போகும். சரியாக ஒட்டினால் மின்தடை நூறு கோடி ஓமைத் தாண்டும். அப்புறம் சவ்வைத் திறந்தால் திரையில் மைனஸ் 70 மில்லிவோல்ட் பக்கம் ஒரு கோடு ஓடும், திடீரென்று ஒரு துடிப்பு மேலே எழும்பும். அந்த ஓர் அணு பேசுவதை நேராகக் கேட்கிறோம். இந்த முறையைக் கண்டுபிடித்த நேயர், சாக்மான் இருவருக்கும் 1991இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் விலங்கியல் எவ்வளவு இருக்கிறது என்று பார். நரம்பணுவைத் தெரிந்துகொள்ள விலங்கியல். கரைசல் கலக்க வேதியியல். மின்தடைக்கும் இரைச்சலுக்கும் இயற்பியல். வந்த தரவை அலச பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவதும் புள்ளியியலும். நியூரோசயின்ஸ் என்று பெயர் போட்ட நல்ல இளங்கலைப் படிப்புகளிலும் இதுதான் நடக்கும். முதல் வருஷம் பெரும்பாலும் உயிரியல், வேதியியல், கணிதம், புள்ளியியல். இரண்டாம் வருஷம் நரம்பணு, சினாப்ஸ் (இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடம்), புலன்கள், அசைவு. அதன்பின் ஞாபகம், மொழி, தூக்கம், நோய்கள், ஓர் ஆய்வுத் திட்டம். அந்தப் பெயர் இல்லாமலும் இதையெல்லாம் சேர்க்கலாம். எனக்குத் தெரிந்து நம் நாட்டில் இந்தத் துறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இளங்கலையில் வேறு ஏதாவது படித்துவிட்டு வருகிறவர்கள்தான்.

நான் அடிபட்ட இடம் கணிதம். பள்ளியில் நான் எடுத்தது கணிதம் இல்லாத பிரிவு. எம்.எஸ்ஸி. முதல் பருவத்தில், நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்று 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் எழுதிய சமன்பாடுகளை நடத்தினார்கள். கணவாய் மீனின் ராட்சத நரம்பிழையில் அளந்து எழுதியவை. பக்கத்தில் பி.டெக். படித்த பையன் அதைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தான், எனக்கு வகைக்கெழுக் குறியே புரியவில்லை. விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத் தமிழில் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆறு மாசம் போனது. நீ கணிதம் படித்திருக்கிறாய், தங்கச்சி. கல்லூரி கேட்காவிட்டாலும் அதை விட்டுவிடாதே.

மொழியைப் பற்றிப் பயப்படாதே. நான் ஒரு நீள நோட்டில் நடுவே கோடு போட்டுக்கொண்டேன். இடப்பக்கம் வகுப்பில் கேட்டது ஆங்கிலத்தில், வலப்பக்கம் அன்று ராத்திரியே அது எனக்குப் புரிந்தபடி தமிழில். வலப்பக்கம் எழுத முடியாத இடம் வந்தால் அது மொழியால் வந்த தடங்கல் இல்லை, பாடமே எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். இரண்டாம் பருவத்துக்குள் ஆங்கிலம் தானாகப் பழகிவிட்டது. அந்த நோட்டுப் பழக்கத்தை மட்டும் இன்றுவரை விடவில்லை.

வெளிமாநிலப் படிப்பு. அதைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: பாடம் நடத்துகிறவர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்கிறார்களா, கடைசி வருஷம் மாணவர் சொந்தக் கையால் சோதனை செய்கிறாரா, முன்பு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் அப்பாவைக் கடனுக்கு அனுப்பாதே. நாலு வருஷ வட்டி ஒரு கணக்குப்பிள்ளை வீட்டில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், என் அப்பாவும் கடையில் கணக்கு எழுதியவர்தான்.

இங்கேயே படித்தால் பெரிய ஆய்வகத்தைப் பார்க்க முடியாதே என்று நினைக்காதே. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து வருஷாவருஷம் கோடையில் இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. பி.எஸ்ஸி. மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். நான் அப்படித்தான் முதல்தடவை பெங்களூர் வந்தேன். அந்த விடுமுறையில் அங்கே நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் இருக்கும் மூளை அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே பார்வையாளர்களின் கையிலேயே மனித மூளையைத் தருகிறார்கள். கல்லூரிக் குடுவைக்கு வெளியே நின்றவள், ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனத்த ஒரு மனிதரின் மூளையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். அது யாரோ ஒருவர் என்ற நினைப்பு வந்ததும் கை நடுங்கியது.

முதுகலைக்கு ஜாம் (ஐ.ஐ.டி.கள் நடத்துவது) போன்ற நுழைவுத்தேர்வுகளை எழுது, இடத்துக்கு இடம் தேர்வு மாறும். டெல்லி பக்கம் மானேசரில் மூளை ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் நரம்பு, அறிதல் அறிவியல் முதுகலை இருக்கிறது. திருப்பதி, திருவனந்தபுரத்தில் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஐந்து வருஷப் படிப்பு, பன்னிரண்டு முடித்ததுமே சேரக்கூடியது, அதற்குத் தனி நுழைவுத்தேர்வு. அந்த அறிவிப்பையும் ஒருதடவை பார்த்துவிடு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். மாமா சொல்கிற சைக்காலஜியும் தப்பான வழி இல்லை. ஆனால் நீ கேட்ட கேள்வி நரம்பணுவரைக்கும் இறங்கிப்போகிற கேள்வி. அதனால் என் ஓட்டு விலங்கியலுக்கு.

செக்காலை வாத்தியார்:

பாப்பா, நான் நாற்பது வருஷம் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தேவகோட்டைப் பிள்ளை எழுதியதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். விலங்கியல்தான் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? இடம் கிடைத்தால் வேதியியலையும் யோசித்துப் பார். காரணம் சொல்கிறேன்.

அந்த மைனஸ் 70 மில்லிவோல்ட் எங்கிருந்து வருகிறது? நீ பன்னிரண்டாம் வகுப்பில் மின்வேதியியல் பாடத்தில் படித்த நெர்ன்ஸ்ட் சமன்பாட்டிலிருந்து. நரம்பணுவுக்குள் பொட்டாசியம் சுமார் 140, வெளியே 5 என்று வைத்துக்கொள் (மில்லிமோல் கணக்கில்). 5ஐ 140ஆல் வகுத்து, அதன் மடக்கையை (அடிமானம் 10), உடல் வெப்பநிலைக்கு உரிய 61.5ஆல் பெருக்கு. மைனஸ் 89 மில்லிவோல்ட் வரும். சோடியத்துக்கு வெளியே 145, உள்ளே 12. பிளஸ் 66 பக்கம் வரும். ஓய்வில் இருக்கும் நரம்பணு பொட்டாசியத்தைத்தான் அதிகம் கசியவிடுகிறது, சோடியத்தைக் கொஞ்சம்தான் விடுகிறது. அதனால் விடை மைனஸ் 89க்கு அருகில், ஆனால் அதைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிறது. சோடியத்தின் கதவு ஒரு கணம் திறந்தால் மின்னழுத்தம் பிளஸ் பக்கம் பாய்கிறது. அதுதான் அந்தப் பிள்ளை சொன்ன துடிப்பு. தாளில் ஒருதடவை போட்டுப் பார். துத்தநாகத் தகடும் செம்புத் தகடும் வைத்து நான் நடத்திய கணக்குதான் உன் அப்பத்தா தலைக்குள்ளும் நடக்கிறது.

இதைக் காரைக்குடிக்காரன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? மின்வேதியியலுக்கென்றே நாட்டின் மத்திய ஆய்வகம் நம் ஊரில்தானே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அங்கே அரிமானம், மின்கலம், உணரி என்று வேலை நடக்கிறது, மூளை ஆராய்ச்சி இல்லை. ஆனாலும் மின்முனை என்றால் என்ன, கரைசலில் அயனி எப்படி நகர்கிறது என்று கையால் தொட்டுப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். கல்லூரி மூலமாகக் கடிதம் கொடுத்துப் போய்ப் பாருங்கள். என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனபோதெல்லாம் முகம் சுளிக்காமல் விளக்கினார்கள்.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

ஐயா, அக்கா, அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. ராத்திரி அப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அந்த மூன்று கேள்வியை அவரே பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். முதல் கேள்விக்கே, "அதெல்லாம் சேர்ந்த பிறகு தெரியும் சார்" என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு, "விலங்கியல்லயே சேருத்தா" என்றார். கட்டணம் கட்டிவிட்டோம். வேதியியலில் இடம் முடிந்துவிட்டதாம் ஐயா, ஆனால் துணைப்பாடமாக வேதியியல் இருக்கிறது. நெர்ன்ஸ்ட் கணக்கைப் போட்டேன், மைனஸ் 89 வந்தது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

அப்பத்தாவை எண்ணச் சொன்னேன். நான் "ஒண்ணு" என்று எடுத்துக் கொடுத்தால் ஏழு வரை போகிறார். "எத்தனை பேரப்பிள்ளைகள்?" என்று கேட்டால் அதே "ஏழு" வரவில்லை, ஆனால் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்து ஏழில் நின்று என்னைப் பார்க்கிறார். திருச்சியில் பேச்சுப் பயிற்சிக்கு வருகிற புதன்கிழமை போகிறோம்.

இன்று ஞாயிறு. புதுவயல் கறிக்கடையில் முழுசாக ஒரு மூளை வாங்கி வந்தேன். ஃபார்மலின் இல்லை, ஐஸ் போட்ட உப்புத் தண்ணீரில் வைத்து வெளியே மட்டும் பார்த்தேன். அடிப்பக்கம் திருப்பினால், முன்னால் நடுவில் வெள்ளையாக, பெருக்கல் குறி மாதிரி இரண்டு தண்டு ஒன்றையொன்று தாண்டிப் போகிறது. இதனால்தான் அப்பத்தாவுக்கு இடது மூளை அடைப்புக்கு வலது கை விழுந்ததா அக்கா?

தேவகோட்டைக்காரி:

ஏழில் நின்று உன்னைப் பார்த்தாரே, அதைத் தேதி போட்டு எழுதி வை. பேச்சுப் பயிற்சியாளரிடம் அப்படியே சொல்.

பெருக்கல் குறியைச் சரியாகப் பிடித்துவிட்டாய். ஆனால் அது கையினுடைய வழி இல்லை, கண்ணினுடையது. இரண்டு பார்வை நரம்புகளும் அங்கே சந்தித்து, இழைகளைக் குறுக்கே மாற்றிக்கொண்டு போகின்றன. மனிதருக்கு ஏறக்குறையப் பாதி இழைகள் மாறும். ஆட்டுக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் பெரும்பாலானவை மாறிவிடும். அதற்குச் சற்றுப் பின்னால் ஒரு சின்னக் காம்பு அறுந்த மாதிரி இருக்கும் பார், பிட்யூட்டரிச் சுரப்பி தொங்கிய இடம். சுரப்பி மண்டையோட்டின் குழியிலேயே தங்கியிருக்கும்.

கைக்குப் போகிற இழைகள் இன்னும் கீழே, முகுளத்தின் அடியில், அது தண்டுவடமாக மாறும் இடத்தில் மனிதருக்குப் பக்கம் மாறுகின்றன. ஆட்டில் அந்தக் குறுக்கீடு அவ்வளவு தெளிவாகத் தெரியாது, ஆனாலும் இடத்தைப் பார்த்துவைக்கலாம். கடையில் கழுத்தோடு ஒட்ட வெட்டிவிடுவதால் உன்னிடம் இருப்பதில் அந்தப் பகுதி இருக்காது. அடுத்த ஞாயிறு போகும்போது முகுளத்துக்குக் கீழே இரண்டு விரல் அளவு தண்டுவடமும் சேர்ந்து வருகிற மாதிரி எடுத்துத் தரச் சொல்.